காத்தாடி அடியில் சாக்கடை தேடினேன்

ஜெர்மனி போகிறேன் என்றதும் எல்லாரும் சாக்லேட் கேட்டார்கள். தங்கச்சி ரூபி மட்டும் காத்தாடி கேட்டாள்.

கொண்டு வரச் சொல்லவில்லை. பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

ரூபி இருப்பது ஒடுகத்தூர் தாண்டி, மலையடியில். டீக்கடை வைத்திருக்கிறாள். மழை முடிந்தால் மேலே அருவியில் தண்ணீர் வரும். காட்பாடி காலேஜ் பிள்ளைகள் பைக்கில் வருவார்கள். ஆம்பூரிலிருந்து வேனில் குடும்பம் குடும்பமாக வருவார்கள், பெரிய தேக்சா நிறைய பிரியாணியோடு. சாயங்காலம் அவள் கடை வாசலில் நின்று, மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்ப்பார்கள். பார்த்தால் ஒரு டீ குடிப்பார்கள். அதுதான் அவள் பிழைப்பு.

வந்தவர்கள் தங்க இடம் கேட்டார்கள். கடைக்குப் பக்கத்திலேயே ரெண்டு ரூம் கட்ட ஆரம்பித்தாள். சுவர் ஏறிவிட்டது. மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல் வேண்டும், படுத்துக்கொண்டே சூரியன் தெரிய வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்து மலைமேல் ஒரு கம்பம் நட்டார்கள். காற்று எவ்வளவு அடிக்கிறது என்று அளக்கிற கம்பம். காற்று தேறினால் மலை உச்சியில் வரிசையாகக் காத்தாடி வருமாம். கரண்ட் எடுக்கிற காத்தாடி. சாமான் ஏற்ற ரோடு ரூபியின் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அவள் சரி என்று சொல்ல வேண்டும்.

மேஸ்திரி கேட்டார். "ஜன்னலுக்கு எடம் விடவா, அடைச்சிடவா?"

ரூபி வேலையை நிறுத்தினாள்.

"காத்தாடி வந்தா கூட்டம் வருமா, ஓடிடுமா? அதான்க்கா எனக்குத் தெரியணும். ஜெர்மனியில நெறைய இருக்குதாமே. நீ பாத்துட்டு வந்து சொல்லு. கூட்டம் வரும்னா ஜன்னல். வராதுன்னா ரெண்டு ரூமையும் ஆட்டுக்கொட்டாய் ஆக்கிடறேன்."

சரி என்றேன். எனக்குப் பேச்சு கம்மி.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்ஷனில் இருக்கிறேன். படிப்பு எட்டாவது. மழைக் காலத்தில் பேக் பண்ணி அனுப்பின ஷூ அங்கே போய்ச் சேரும்போது பூஞ்சை பிடித்திருந்தது. பெட்டியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக. "வந்து துடைச்சுக் கொடு, இல்லன்னா எடுத்துட்டுப் போ" என்றார்கள் ஜெர்மனிக்காரர்கள். முதலாளி என்னையும் ரபீக் பாயையும் அனுப்பினார். ரபீக் பாய் ஏற்றுமதி பார்க்கிறவர். இங்கிலீஷ் பேசுவார், ஜெர்மன் கொஞ்சம் பேசுவார். என்னைவிட சின்னவர். என்னை எஸ்தரக்கா என்பார்.

விமானம் ஏறினேன். பயம் இல்லை. சந்தோஷம். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். மேகத்தை மேலிருந்து பார்த்தேன். தோலைத் தேய்க்கிற பஃபிங் மெஷினில் பறக்கிற தூசு மாதிரி இருந்தது, ஆனால் சுத்தமாக.

இறங்கினது ஹாம்பர்க். ஊர் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நான் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. ஆம்பூர் ரயில் நிலையத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாலும் ஊர் வந்துவிட்டது என்று தோல் நாற்றத்தை வைத்து மூக்கு சொல்லும். இங்கே மூக்குக்கு வேலையே இல்லை.

பெட்டிகள் இருந்த குடோன் வடக்கே, கடல் ஓரத்தில். ரயிலில் போக வேண்டும். பக்கத்து டவுனில் ரூம் எதுவும் காலி இல்லை. அதனால் ஒரு கடற்கரை கிராமத்தில் தங்க ஏற்பாடு. சுற்றுலா வருகிறவர்கள் தங்குகிற வீடு. இதைக் கேட்டதும் எனக்கு ரூபி ஞாபகம் வந்தது. நம்ம வேலை சுலபமாகப் போச்சு என்று நினைத்தேன்.

ரயிலில் ரபீக் பாய் போனுக்கு சார்ஜ் போட இடம் தேடி முன் பெட்டிக்குப் போனார். நான் பின் பெட்டியில் இருந்தேன். ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒரு சத்தம். கடக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஜோலார்பேட்டையில் கேட்டுக் கேட்டுப் பழகினது. பெட்டி கழற்றுகிற சத்தம்.

எட்டிப் பார்த்தேன். ரயில் ரெண்டாகப் பிரிந்திருந்தது. முன் பாதி கிளம்பி விட்டது. கொஞ்சம் தள்ளி எங்கள் பாதியும் கிளம்பியது. தண்டவாளம் ரெண்டும் பிரிகிற இடத்தில் ரபீக் பாய் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ரெண்டு கையையும் ஆட்டினார். நானும் ஒரு கையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

என் போன் அங்கே வேலை செய்யவில்லை. எதிரே ஒரு நாயோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டைக் காட்டினேன். பார்த்தார், தலையை ஆட்டினார். சரியான பாதியில்தான் இருக்கிறாய் என்று அர்த்தம். ஆக, தொலைந்தது நான் இல்லை. பாய்தான்.

பையிலிருந்து முறுக்கு எடுத்தேன். பெரியவருக்கு ஒன்று கொடுத்தேன். அவர் பாதியை நாய்க்குக் கொடுத்தார். நாய் கடித்த சத்தம் பெட்டி பூராவும் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன், காத்தாடி!

ஒன்றில்லை. தூரத்தில் முளைத்து, பக்கத்தில் வந்து, ரெண்டு பக்கமும் நின்றது. பனைமரத்தின் மேல் பனைமரம், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கினாலும் எட்டாது. வெள்ளை வெளேர் என்று. கீழே ஆடு மேய்கிறது. மேலே இறக்கை, அவசரமே இல்லாமல், பெரிய மனுஷி நடக்கிற மாதிரி சுற்றுகிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பெரியவர் சிரித்தார். அவருக்கு இது வீட்டுத் தென்னை மாதிரி போலிருக்கிறது.

கடைசி ஸ்டேஷனில் இறங்கினேன். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. ஒரு அம்மா வேகமாக வந்தார். பேர் எழுதின அட்டை கையில். என்னைப் பார்த்ததும் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிளாட்பாரத்தில் சேலை கட்டினது நான் ஒருத்திதான். அவர்தான் ஹெல்கா. நாங்கள் தங்கப் போகிற வீட்டுக்காரர். ரபீக் பாய் எங்கே என்று கையாலே கேட்டார். நான் ரெண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பிரித்து, ஒன்றை அந்தப் பக்கம் காட்டினேன். புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். இது அடிக்கடி நடக்கும் போல.

வீடு நிறைய ஆள். சைக்கிளில் வந்தவர்கள், குழந்தை குட்டியோடு வந்தவர்கள். எனக்குப் பின்பக்க ரூம். மேற்கே பார்த்த ஜன்னல். ஜன்னல் நிறையக் காத்தாடி. ரூபி, இந்தா பாரு, கூட்டமும் இருக்குது, காத்தாடியும் இருக்குது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வேலை முடிந்தது.

முடியவில்லை.

அங்கே ராத்திரி சாப்பாடு ஆன பிறகும் வெயில் அடிக்கும். படுக்கையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். திடீரென்று ரூம் இருண்டது, வெளிச்சம் வந்தது. இருண்டது, வந்தது. நம் ஊர் புத்தி. லோ வோல்டேஜ் என்று நினைத்தேன். எழுந்து போய் சுவிட்சைத் தட்டினேன். லைட் போடவே இல்லை, பின் எப்படி வோல்டேஜ்? சுவரைப் பார்த்தேன். ஒரு பெரிய நிழல் சுவரைத் துடைத்துக்கொண்டு போனது. அது போனதும் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. இறக்கைதான். சூரியன் காத்தாடிக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

முதலில் வேடிக்கையாக இருந்தது. கையை நீட்டி நிழலைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது. கண்ணை மூடினாலும் இமைக்குள் வந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டேன்.

ரபீக் பாய் வந்து சேர்ந்தபோது அவர் முகம் பூஞ்சை பிடித்த ஷூ மாதிரி இருந்தது. "பேஜாராப் போச்சுக்கா. டென்மார்க் பார்டர் வரைக்கும் போய்ட்டேன்." ஹெல்கா அம்மா சூப் கொடுத்தார். அதில் பன்றிக்கறி இல்லையே என்று பாய் மூன்று பாஷையில் கேட்டார். உருளைக்கிழங்கு மட்டும்தான் என்று தெரிந்ததும் மூன்று தட்டு குடித்தார்.

நிழலைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். ஹெல்கா அம்மா முகம் மாறியது. பாய் தமிழில் சொன்னார். "அந்த ரூமை அவங்க யாருக்கும் விடறதில்லையாம். துணி அடுக்கற ரூமாம். வீடு ரொம்பிப் போச்சுன்னு உங்களுக்குக் கொடுத்துட்டாங்க. இந்த சீசன்ல கொஞ்ச வாரம்தான், அதுவும் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் விழுமாம். மன்னிச்சுக்கங்கன்றாங்க."

"முன்பக்க ரூம்ல?"

"விழாதாம். ஒண்ணுமே தெரியாதாம்."

இதை நான் நன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வேலை. பெட்டி திறந்து, ஒவ்வொரு ஷூவாகத் துடைத்து, மருந்து தடவி, காயவைத்து, கிரீம் போட்டு, பிரஷ் அடித்து, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் புதிதாகப் போட்டு மூட வேண்டும். குடோன்காரப் பெண்கள் ரெண்டு பேர் கூட நின்றார்கள். பேச்சு இல்லை, வேலைதான். எனக்கு அது சுகம். மத்தியானம் பன் நடுவில் மீன் வைத்துக் கொடுத்தார்கள். மீன் பச்சை. ஊறப்போட்டது, வேகவைக்காதது. நான் ஒரு கடி கடித்தேன். பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் எடுத்து மேலே வைத்துக் கடித்தேன். அப்புறம் இறங்கியது. அந்தப் பெண்களில் ஒருத்தி ஊறுகாய் கேட்டாள். கொடுத்தேன். தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினாள். மறுநாளும் கேட்டாள்.

காலையில் காபி குடிக்கிற இடத்தில் ஒரு வயதான ஜோடி. வருஷா வருஷம் பறவை பார்க்க வருகிறவர்களாம். புருஷன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காத்தாடிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அவர் சம்சாரம் காத்தாடியைப் பார்த்து உட்காருவார். ரெண்டு பேரும் பேசுவது பாய் காதில் விழுந்தது.

"முன்னால இந்தப் பக்கம் வானம் மட்டும்தான் இருந்தது" என்றார் அவர்.

"வானம் இப்பவும் இருக்குது. உன் கழுத்துதான் திரும்ப மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா.

பாய் எனக்கு இதைச் சொல்லிவிட்டு, "எந்த ஊர்ப் பொண்டாட்டியும் ஒரே மாதிரிதான்க்கா" என்றார். நான் முறைத்தேன். அவர் காபியைப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை குடோனைச் சீக்கிரம் மூடினார்கள். பாயும் நானும் நடந்து காத்தாடி பக்கம் போனோம்.

ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த கம்பெனியைப் பார்த்தாலும் முன்கேட்டைப் பார்க்க மாட்டோம். பின்னால் போய், கழிவுத் தண்ணீரை எங்கே விடுகிறான் என்று பார்ப்போம். அது எங்கள் கையில் இல்லை, கால் தானாகப் போகும். நான் காத்தாடியைச் சுற்றி வந்தேன். புல்லை விலக்கிப் பார்த்தேன். ஓடை ஒன்று இருந்தது. இறங்கிக் கையில் தண்ணீர் எடுத்து மோந்தேன். நுரை இல்லை. நாற்றம் இல்லை. எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியானது. குழாயை மண்ணுக்குள் புதைத்திருப்பான் என்று இன்னொரு சுற்று வந்தேன். ஆடுகள் என் பின்னாலேயே வந்தன.

"இன்னாக்கா தேடறீங்க?"

"சாக்கடை."

"அக்கா, இது காத்தாடி. தோல் பதப்படுத்தற ஷாப்பு இல்ல."

"இவ்ளோ பெரிய மெஷின் ஓடுது. ஒண்ணும் வெளிய விடாதா?"

அப்போது காத்தாடி அடியில் ஒரு கதவு திறந்தது. அதில் கதவு இருப்பதே அதுவரை தெரியாது. தலையில் ஹெல்மெட், இடுப்பில் கயிறு, ஒரு ஆள் வெளியே வந்தார். ரிப்பேர் பார்க்கிறவர். ஆட்டு மந்தை, நடுவில் சேலை கட்டின நான். அப்படியே நின்றுவிட்டார். பாய் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். அந்த ஆள் ரெண்டு தடவை கேட்க வைத்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒண்ணும் வராதாம். மேல மெஷின்ல எண்ணெய் இருக்குமாம். அது ஒழுகினா தட்டுல புடிச்சு எடுத்துட்டுப் போய்டுவாங்களாம். ஏன் கேக்கறீங்கன்றார்."

"எங்க ஊர்ல ஒரு ஆறு இருந்தது, அதனால கேட்டேன்னு சொல்லு."

பாய் சொன்னார். அந்த ஆள் சிரிப்பை நிறுத்தினார். என் கையைப் பிடித்துத் தூண் மேல் வைத்தார். உள்ளே ஏதோ உறுமியது. எருமை வயிற்றில் கை வைத்த மாதிரி. தலையைத் தூக்கிப் பார்த்தேன். இறக்கை என்னைப் பார்த்து இறங்கி வந்து, திரும்ப ஏறிப் போனது. ஊஷ், ஊஷ் என்று சத்தம். என்னால் சந்தோஷம் தாங்க முடியவில்லை. "ஏ யப்பா!" என்று கத்திவிட்டேன். பாய் என் சத்தத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் ஊருக்கே தெரிந்துவிட்டது. மீன் பன் விற்கிறவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "சாக்கடை கெடைச்சுதான்னு கேக்கறான்க்கா." ஊறுகாய் கேட்ட பெண்ணும் அதையே கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஹெல்கா அம்மா சமையலறையில் நான் கத்திரிக்காய் கொத்சு வைத்தேன். எண்ணெயும் புளியும் பையிலேயே இருந்தது. அவர் அரிசி வடித்தார், கஞ்சியைக் கொட்டி. கொட்டாதே என்று பிடுங்கி உப்பு போட்டுக் குடித்துக் காட்டினேன். அடுப்புப் பக்கத்தில் நின்றுதான் அவர் சொன்னார். பாய் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

"காத்தாடி வரப்ப இவங்கதான் மொத ஆளா எதிர்த்தாங்களாம். வர்றவங்க ஓடிடுவாங்கன்னு பயமாம்."

"ஓடினாங்களா?"

"கொஞ்சம் பேர் வரதை நிறுத்திட்டாங்களாம். வேற ஆளுங்க வந்தாங்களாம். போனவங்க ஏன் போனாங்கன்னு தெரியுமாம், சொல்லிட்டுத்தான் போனாங்களாம். வந்தவங்க எதுக்கு வந்தாங்கன்னு தெரியாதாம், யாரும் சொல்றதில்லையாம்."

நான் கொத்சைக் கிளறினேன். இந்த அம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை என்று தோன்றியது.

"சத்தம்?"

இதற்கு ஹெல்கா அம்மாவே சிரித்தார். அந்தக் காத்தாடியில் ஊர்க்காரர்கள் பங்கு போட்டிருக்கிறார்களாம். பங்கு இருக்கிற வீட்டுக்குச் சத்தம் கேட்காதாம். பங்கு இல்லாத வீட்டுக்குக் காற்றே இல்லாத நாளிலும் கேட்குமாம்.

"எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றேன். "சம்பளம் வர்ற வீட்டுக்கு நாத்தம் தெரியாது."

பாய் இதை மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். "எனக்கு நாத்தம் தெரிஞ்சதே இல்லக்கா, நெசமாவே" என்றார். அப்புறம் அவரிடம் சொன்னார். ஹெல்கா அம்மா ரொம்ப நேரம் தலையை ஆட்டினார். கொத்சு சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது காரம்.

ரூபியை பாய் போனில் கூப்பிட்டேன். வீடியோவில் காத்தாடியைக் காட்டினேன்.

"யக்கா! இவ்ளோ பெருசா! அது கீழ எறும்பு மாதிரி இன்னா அது?"

"மாடு."

"மாடா! சரி, கூட்டம் இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப ஜன்னல் வெச்சிடட்டா?"

"இரு. நேர்ல சொல்றேன்."

"மேஸ்திரி வேற எடத்துக்குப் போய்டுவார்க்கா. நீ எப்பவும் பாதி வார்த்தைதான்" என்று கத்தினாள். நிழலைப் போனில் எப்படிக் காட்டுவது? அன்றைக்கு மேகம்.

ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்கப் போனோம். கரை மேல் ஏறிப் பார்த்தால் கடல் இல்லை! கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஈர மண்.  இங்கேயும் வற்றடித்துவிட்டார்களா? பாய் விசாரித்துவிட்டு வந்தார். தண்ணீர் தினமும் உள்ளே போகுமாம், தினமும் திரும்பி வருமாம். அது போயிருக்கிற நேரத்தில் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலுக்குள் நடப்பார்களாம். அதைப் பார்க்கத்தான் இத்தனை கூட்டம்.

நாங்களும் நடந்தோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். மண் குளிர்ந்து, வழுவழுப்பாக, நல்ல ஆட்டுத்தோல் மாதிரி கால் விரலுக்குள் ஏறியது. பாய் வழுக்கி உட்கார்ந்தார். நல்ல பேண்ட். பக்கத்தில் வந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். நடுவில் நின்று திரும்பினேன். கரை மேல் காத்தாடி வரிசை. பாதிப் பேர் அதை வைத்து போட்டோ எடுத்தார்கள். மீதிப் பேர் அது தெரியாத பக்கம் திரும்பி எடுத்தார்கள்.

கரை ஏறி உட்கார்ந்து காத்திருந்தேன். தண்ணீர் வந்தது. சத்தமில்லாமல், கோடு கோடாக, சொன்ன மாதிரி வந்தது. நாங்கள் நடந்த இடமெல்லாம் கடல். வற்றின பாலாற்றில் நானும் நடந்திருக்கிறேன். அந்த மணலில் நின்று இப்படி ஒரு நாளும் காத்திருந்ததில்லை.  

ஷூ எல்லாம் துடைத்து முடித்தோம். ஜெர்மனிக்காரர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஹெல்கா அம்மா ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். திரும்பும்போது பாய் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவே இல்லை.

ஊருக்கு வந்ததும் ஒடுகத்தூர் பஸ் பிடித்தேன். காத்தாடி கம்பெனிக்காரர் அன்றைக்கு வருகிறார் என்று ரூபி சொல்லியிருந்தாள். இன்ஜினீயர். நாகர்கோவில் பக்கத்துப் பையன், மரியாதையான பையன். கடை வாசலில் ஊர்க்காரர்கள் நின்றார்கள்.

"எங்க ஊர்ல காத்தாடிக்குக் கீழதான்க்கா நாங்க கிரிக்கெட் ஆடினது" என்றார். "போறவங்க வண்டிய நிறுத்தி போட்டோ எடுப்பாங்க. பயப்படாதீங்க. புகை வராது, சாக்கடை வராது. ஒண்ணும் வெளிய வராது."

"நிழல் வரும்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரூபி டீ ஆற்றுவதை நிறுத்தினாள். நான் ஹெல்கா அம்மா வீட்டுப் பின்பக்க ரூமைப் பற்றிச் சொன்னேன். முன்பக்க ரூமைப் பற்றியும் சொன்னேன். கூட்டம் போனதையும், வேறு கூட்டம் வந்ததையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசினது கிடையாது.

இன்ஜினீயர் மழுப்பவில்லை. "ஆமாக்கா, அதையும் பாக்கணும். இருங்க, சாயங்காலம் வரைக்கும் நானும் இங்கயே இருக்கேன். நின்னு பாத்துடுவோம்" என்றார்.

நின்றோம். சூரியன் மலைமேல் இறங்கியது. நேராகக் காற்று அளக்கிற கம்பத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. சிவப்பு வட்டம், நடுவில் கறுப்புக் கோடு. அதே கோட்டில் நாங்கள். எங்களுக்குப் பின்னால் ரூபியின் ரூம்.

காட்பாடியிலிருந்து வந்த ரெண்டு பையன்கள் போட்டோ எடுத்தார்கள்.

"டேய், அந்தக் கம்பம் தெரியாம எடுடா."

"இருக்கட்டும்டா, அதான் கெத்தா இருக்குது."

ரூபி என்னைப் பார்த்தாள். "ஒரே பெஞ்சுல ரெண்டு டீ, ரெண்டு பேச்சு. நான் யார் பேச்சைக்கா கேக்கறது?"

"யார் பேச்சையும் கேக்காத. உன் சுவத்துல விழக்கூடாதுன்னு மட்டும் கேளு."

அவள் இன்ஜினீயரிடம் திரும்பினாள். "சூரியன் ஆடியில இங்க எறங்கும். மார்கழியில அந்த மொட்டப்பாறை பக்கம் எறங்கும். மார்கழியிலதான் எனக்குக் கூட்டம். அந்த ரெண்டுக்கும் நடுவுல வெக்காத. இதுக்குப் பின்னால இன்னொரு மலை இருக்குது, இங்கருந்து தெரியாது. அங்க வை. என் கொல்லையில ரோடு போட்டுக்கோ. இங்கயே வெப்பேன்னா ரோடு கெடையாது."

"அங்க காத்து இருக்குதான்னு அளக்கணும்க்கா. மேல கேட்டுச் சொல்றேன்."

"கேளு. டீ ஆறுது, குடி."

கேட்டார். கொஞ்ச நாளில் ஆட்கள் வந்து கம்பத்தைக் கழற்றினார்கள். பின் மலையில் நட்டார்கள். காற்று தேறினால் அங்கே வரும். வரட்டும். ஏறிப் போய், தூண் மேல் கை வைக்கிற முதல் ஆள் நான்தான். ரபீக் பாயும் வருகிறேன் என்றிருக்கிறார்.

மேஸ்திரி ஜன்னல் வைத்து முடித்த அன்றைக்கு ரூபி கூப்பிட்டாள். பூச்சு வேலை ஆகவில்லை. கட்டில் இல்லை. கோரைப்பாய் விரித்துப் படுத்தேன். சாயங்காலம் ஆனது. ஜன்னல் வழியாக வெயில் வந்து எதிர்ச் சுவரில் விழுந்தது.

"இன்னாக்கா?" என்றாள் ரூபி வாசலிலிருந்து.

நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் அசையவில்லை.